ம்யூட் போட்டும் வெளியே கேட்ட பேஸ்: ப்ரீஆம்ப் இணைப்பில் உங்கள் அனுபவம் என்ன?

அடிநாதம்:

நிகழ்ச்சி முடிந்து நாளாகிவிட்டது, இது மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. இரண்டு பாட்டுக்கு நடுவே பேஸ் கிடாரை ட்யூன் செய்ய, ஆம்புக்கு முன்னால் டோனை மாற்றும் காலடிப் பெட்டியான ப்ரீஆம்பில் ம்யூட்டை (சத்தத்தை அடைக்கும் பட்டன்) மிதித்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது, பின்னால் ஆம்ப் அடங்கியது. ஈ கம்பி கொஞ்சம் இறங்கியிருந்தது, நிதானமாக முறுக்கி ஏற்றிக்கொண்டிருக்கிறேன். மைக்கில் உருக்கமாக ஏதோ பேசிக்கொண்டிருந்த பாடகர் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பி என் கையையே பார்க்கிறார். கூட்டத்தில் சிரிப்பு. அப்புறம்தான் காதில் விழுந்தது: அரங்கத்துப் பெரிய ஸ்பீக்கர்களில் என் ஈ கம்பி, கன்றைத் தேடும் மாடு மாதிரி இழுத்து இழுத்துக் கத்துகிறது.

அந்தப் பெட்டியில் ம்யூட் அடைப்பது ஆம்புக்குப் போகும் கால் அங்குல ஜாக்கை மட்டும். அரங்கத்து ஒலியைக் கலக்கும் மிக்ஸருக்குப் போகும் எக்ஸ்எல்ஆர் டிஐ (மூன்று பின் கொண்ட நேரடி இணைப்பு) அதற்கு முன்னாலேயே பிரிந்துவிடுகிறது. ம்யூட் என்று எழுதிவிட்டு ஒரு வழியை மட்டும் அடைப்பது என்ன வடிவமைப்பு? வேறு யாருக்காவது இப்படி நடந்ததா?

ஐந்துகம்பி:

டிஐ சிக்னலைப் பெட்டி டோனை மாற்றும் முன் (ப்ரீ) எடுப்பதா, மாற்றிய பின் (போஸ்ட்) எடுப்பதா என்று தீர்மானிக்கும் பட்டன் எதில் இருந்தது? பல பெட்டிகளில் ப்ரீயில் வைத்தால் டிஐ சிக்னல் இன்புட்டை ஒட்டியே எடுக்கப்படும். ஈக்யூ (டோன் குமிழ்கள்), டிரைவ் (ஒலிக்குக் கரகரப்பு சேர்ப்பது), ம்யூட் எதுவும் அதைத் தொடாது. போஸ்டில் இருந்திருந்தால் அடங்கியிருக்கலாம். அதனால் வடிவமைப்பைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

எனக்கு அந்தப் பட்டன் மேலேயே வேறு ஒரு கடுப்பு. மேடையில் பேஸ் மெலிந்து கேட்டது என்று பேஸ் குமிழைத் திருகி ஏற்றினேன். பாட்டு முடிவதற்குள் மிக்ஸரில் இருந்தவர் மேடை ஏறி வந்தார். ஒரு வார்த்தை இல்லை. குனிந்தார், சுட்டுவிரலால் பட்டனை ப்ரீக்குத் தட்டினார், போய்விட்டார். ஸ்பீக்கரில் 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உட்கார்ந்து உட்கார்ந்து கலந்து பிடித்த டிரைவும் டோனும் கூட்டத்துக்குப் போகவே இல்லை. என்னிடம் சொல்லியிருந்தால் நானே குறைத்திருக்க மாட்டேனா?

மிக்ஸர்பக்கம்:

சுட்டுவிரல்காரர்கள் சார்பில் நான் பேசுகிறேன். சொல்லாமல் தட்டியது தவறுதான். சேனலை ம்யூட் செய்யாமல் தட்டியது அதைவிடத் தவறு, அந்த 'டப்' ஸ்பீக்கருக்கு ஆகாது. ஆனால் தம்பி, மேடையில் நிற்கும் இடத்தில் பேஸ் மெலிந்து கேட்டால் பெரும்பாலும் அறைதான் காரணம். ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ், உங்கள் பி கம்பி 31 ஹெர்ட்ஸ். அந்த அலைகளின் நீளம் 8 மீட்டர், 11 மீட்டர் என்று போகும். சுவரில் பட்டுத் திரும்பி வந்து ஓரிடத்தில் வீங்கும், ஓரிடத்தில் காணாமல் போகும். நாலு எட்டு நகர்ந்து நின்று பாருங்கள். நீங்கள் குமிழைத் திருகினால் போஸ்டில் அது அப்படியே அரங்கத்துக்கும் வருகிறது, அங்கே ஏற்கெனவே போதுமான பேஸ் இருக்கும்.

என் அனுபவம் சின்னது. ஒருவர் பேஸ் ஆம்பில் வந்த உறுமலை நிறுத்த, பவர் ப்ளக்கின் எர்த் பின்னையே வெட்டி எறிந்திருந்தார். உறுமல் நின்றது. பேக்கிங் வோகல் பாட மைக் அருகே போனார், உதட்டுக்கும் மைக் வலைக்கும் நடுவே சுரீரென்று ஒரு பொறி. அந்தச் சத்தம் ஹெட்போனில் எனக்குக் கேட்டது. நல்லவேளை, அதோடு போயிற்று.

இதற்காகத்தான் கிரவுண்ட் லிஃப்ட் பட்டன் இருக்கிறது. ஆம்ப் ஒரு இடத்தில் எர்த் ஆகிறது, மிக்ஸர் இன்னொரு இடத்தில். நடுவே எக்ஸ்எல்ஆர் கேபிளின் ஷீல்ட் இரண்டையும் சேர்த்து ஒரு வளையம் ஆக்கிவிடுகிறது. 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் உறுமல் அதில்தான் வருகிறது. பட்டன் எக்ஸ்எல்ஆரின் 1ஆம் பின்னைத் துண்டிக்கிறது. மெயின்ஸ் எர்த் அப்படியே இருக்கும், உயிருக்கு ஆபத்தில்லை. ஒரு விதிவிலக்கு: டெக் 21 சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் மாதிரி சில பெட்டிகள் மிக்ஸர் எக்ஸ்எல்ஆர் கேபிள் வழியே தரும் 48 வோல்ட் மின்சாரத்திலேயே (ஃபேண்டம்) ஓடும். அந்த மின்சாரம் திரும்பும் வழியே 1ஆம் பின். ஃபேண்டமில் ஓடும் பெட்டியில் அதைத் துண்டித்தால் பெட்டி அணைந்துவிடும். அப்புறம் டிஐ சிக்னலின் அளவுக்கு மைக் (குறைவு), லைன் (அதிகம்) என்று ஒரு ஸ்விட்ச் இருந்தால் மேடையில் மைக்கில் வையுங்கள். லைனில் அனுப்பினால் என் கெயின் குமிழை அடியோடு இறக்கினாலும் சிவப்பு எரியும். கால் அங்குல அவுட்டிலிருந்து எக்ஸ்எல்ஆருக்கு மாற்றும் கேபிளைச் செருகி டிஐ என்று சொல்லாதீர்கள், ஃபேண்டம் போட்டிருந்தால் 48 வோல்ட் உங்கள் அவுட்புட்டில் வந்து நிற்கும். யாரும் கேட்கவில்லை, தெரியும். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கருப்புவளையம்:

இங்கே எல்லோரும் அவுட்புட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் பேஸ் கலைஞருக்கு இன்புட்டில் வந்தது வினை. ஆக்டிவ் பேஸ் (உள்ளே பேட்டரியில் ஓடும் சர்க்யூட் உள்ளது), புது 9 வோல்ட் பேட்டரி, புது ப்ரீஆம்ப். சத்தமே இல்லை. பேட்டரியை மாற்றினார், ஊஹூம். ப்ரீஆம்பின் ஆக்டிவ், பாசிவ் ஸ்விட்சை இரண்டு பக்கமும் தள்ளிப் பார்த்தார். அது சிக்னலைக் கொஞ்சம் குறைக்கிற பேட் மட்டும்தான், உயிர் கொடுக்காது. பெட்டிதான் பழுது என்று கட்டி வைக்கப் போனார். பேட்டரி இல்லாத பழைய பாசிவ் பேஸை அதே கேபிளில் செருகினோம், ஜம்மென்று பாடுகிறது!

கேபிளை உருவி ப்ளக்கை விளக்கில் பிடித்தோம். கருப்பு வளையம் ஒன்றல்ல, இரண்டு. யாரோ கொடுத்த ஸ்டீரியோ கேபிள். ஆக்டிவ் பேஸின் ஜாக்கில் கூடுதலாக ஒரு தகடு இருக்கும். மோனோ ப்ளக்கின் நீண்ட உடல் அதைக் கிரவுண்டோடு சேர்த்தால்தான் பேட்டரிக்குச் சுற்று முழுமையாகும். ஸ்டீரியோ ப்ளக்கில் அந்த இடத்தில் தனி உலோக வளையம் வந்து உட்கார்ந்துகொள்கிறது, பேட்டரி எழவே எழாது. கேபிளைச் செருகியே வைத்தால் பேட்டரி தீர்வதும் இந்த ஏற்பாட்டால்தான். அந்த இரண்டாவது வளையத்தைப் பார்த்தபோது அவர் முகம் போன போக்கு இருக்கிறதே!

பவர்இன்:

ப்ரீஆம்பை ஆம்பின் முன்பக்க இன்புட்டில் செருகினால் ஆம்பின் டோனும் மேலே ஏறிக் குழம்பும் என்று, பின்னால் எஃபெக்ட்ஸ் ரிட்டர்னில் (ஆம்பின் டோன் பகுதியைத் தாண்டி நேரே பவர் பகுதிக்குப் போகும் ஜாக்) செருகச் சொன்னார்கள். யோசனை சரிதான், சத்தம் சுத்தம். ஆனால் நண்பரின் ஆம்பில் மாஸ்டர் குமிழ் ரிட்டர்னுக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது, அதனால் சத்தத்தை அங்கே குறைக்க முடியாது. முதல் தட்டிலேயே ஸ்பீக்கர் கூம்பு முன்னால் துருத்தியதைக் கண்ணால் பார்த்தேன். ப்ரீஆம்பின் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, செருகிய பிறகு மெல்ல ஏற்றுங்கள்.

ஐந்துகம்பி:

மிக்ஸர்பக்கம் சாருக்கு: அறை பற்றிச் சொன்னது சரி, அடுத்த முறை நகர்ந்து பார்க்கிறேன். ஆனால் டிரைவ் என் வாசிப்பின் பகுதி. அதை ப்ரீயில் வெட்டிவிட்டு மிக்ஸரில் எப்படிக் கொண்டுவருவீர்கள்? என் பெட்டியில் மாற்றாத சிக்னலுக்கு இன்னொரு ஜாக் இருக்கிறது. அதை ஒரு டிஐ பாக்ஸ் வழியாகவும் டிரைவை எக்ஸ்எல்ஆரில் போஸ்டாகவும் இரண்டு லைன் தந்தால் வாங்கிக்கொள்வீர்களா?

அடிநாதம்:

அப்படியென்றால் ம்யூட் இரண்டையும் அடைக்குமா, அதைச் சொல்லுங்கள் முதலில்.

மிக்ஸர்பக்கம்:

மாற்றாத ஜாக்கை பெரும்பாலும் அடைக்காது. அதனால் ட்யூனரை மிதிக்கும் முன் எனக்கு ஒரு சைகை, சேனலை நான் மூடுகிறேன். இரண்டு லைன் என்றால், சேனல் மிச்சம் இருந்தால் தாராளமாகத் தாருங்கள். அனலாக் பெட்டி என்றால் இரண்டும் ஒன்றாக வரும். ஒன்றில் போலாரிட்டி (அலையின் மேல், கீழ் திசை) தலைகீழாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். டிஜிட்டல் மாடலர் (ஆம்ப் ஒலியைக் கணினி முறையில் உருவாக்கும் பெட்டி) என்றால் போஸ்ட் லைன் ஒன்றிரண்டு மில்லிசெகண்ட் பிந்தும், சேர்க்கும்போது சில சுரங்கள் மெலியும். முந்தி வரும் லைனை நான் அந்த அளவுக்குத் தாமதப்படுத்திக்கொள்வேன். சவுண்ட் செக்குக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்து எது எந்த லைன் என்று சொல்லிவிடுங்கள்.