ரட்டில்ஸ் படம் பார்க்க பீட்டில்ஸ் தெரிஞ்சிருக்கணுமா?

மயூர்விஹார் மாடிவீடு:
சனிக்கிழமை ராத்திரி எங்க மொட்டைமாடியில புரொஜெக்டர் வெச்சுப் படம் பார்ப்போம். எல்லாம் டெல்லித் தமிழ்ப் பசங்கதான். இந்த வாரம் படம் போடற முறை என்னுது. இங்கிலாந்து ராக் பேண்ட் பீட்டில்ஸைக் கிண்டலடிச்சு, ரட்டில்ஸ்னு ஒரு கற்பனை பேண்டை வெச்சு 1978ல எடுத்த போலி டாக்குமெண்டரி, 'ஆல் யூ நீட் இஸ் கேஷ்' போடலாம்னு இருக்கேன். ஆனா கூட்டத்துல பாதிப் பேருக்கு ராஜா, ரஹ்மான் தாண்டி எதுவும் தெரியாது. சிரிப்பாங்களா, இல்ல நான் நடுநடுவுல நிறுத்தி விளக்கணுமா?

கரோல்பாக் இட்லி:
ரிமோட்டைத் தொட்ட, உன்னைத்தான் கிண்டலடிப்பாங்க. பேசாம 'ஸ்பைனல் டாப்' போடு, அதுவும் ராக் பேண்ட் பத்தின போலி டாக்குமெண்டரிதான். எந்த பேண்டையும் தெரிஞ்சிருக்க வேண்டாம்.

ஆர்.கே.புரம் ரிட்டயர்டு:
தம்பி, ரட்டில்ஸே போடுங்க. நான் வீடியோ கேசட் காலத்துலேர்ந்து பார்க்கிறேன். மான்டி பைத்தான்ங்கற இங்கிலாந்து காமெடிக் குழுவோட எரிக் ஐடில் எழுதி, டர்க் மெக்விக்லியா நடிச்சிருப்பார். அதாவது பீட்டில்ஸ்ல பால் மெக்கார்ட்னியோட கிண்டல் வடிவம். பாட்டெல்லாம் நீல் இன்னஸ்.

படம் போடறதுக்கு முன்னாடி ரெண்டே விஷயம் சொல்லிடுங்க. ஒண்ணு, பீட்டில்ஸுக்குக் கஞ்சாவைப் பழக்கினது அமெரிக்கப் பாடகர் பாப் டிலன். படத்துல அவர் பழக்கறது டீ! பசங்க டீ குடிச்சுக் கெட்டுப்போயிட்டாங்கன்னு மூஞ்சியில சிரிப்பே இல்லாம செய்தி வாசிப்பாங்க. (எங்க ஆபீஸ்ல நாலு மணிக்கு மேல இருந்த கூட்டமும் அந்தக் கேஸ்தான்.) இன்னொண்ணு, பீட்டில்ஸ் தியான குரு மகரிஷி மகேஷ் யோகியோட போனது வேல்ஸ்ல இருக்கிற பாங்கருக்கு, அப்புறம் 1968ல நம்ம ரிஷிகேஷுக்கு. ரட்டில்ஸ் போற ஊர் பாக்னர். இங்கிலாந்துல கடலோரமா ஒரு சாதாரண ஊர். ரிஷிகேஷ் ஆசிரமத்துல செல்ஃபி எடுக்க காஷ்மீரி கேட்ல பஸ் ஏறின யாருக்கும் இது புரியும்.

ஆனா நான் திரும்பத் திரும்பப் பார்க்கறது ஒரே ஒரு காட்சியைத்தான். நரைமுடி நிருபர் ஒருத்தர், ரட்டில்ஸ் கம்பெனி வாசல்ல மைக்கோட நின்னு, இங்கே சாமான் திருடு போகுதாமேன்னு கம்பெனி ஆளா வர்ற மைக்கேல் பேலினை (இவரும் மான்டி பைத்தான்தான்) கேட்கறார். அதெல்லாம் இல்லைன்னு இவர் சாதிக்கறார். பின்னாடி ஆளாளுக்கு ஒண்ணு தூக்கிட்டுப் போறான். கடைசியில நிருபர் கையில இருக்கிற மைக்கும் போயிடுது. அந்த நிருபர் யாருங்கறீங்க? சாட்சாத் பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசன். பீட்டில்ஸோட சொந்த ஆப்பிள் கம்பெனியில நிஜமாவே அப்படித்தான் அள்ளிட்டுப் போனாங்க. பறிகொடுத்தவரே வந்து நடிச்சிருக்கார். 1966ல நம்ம கனாட் பிளேஸ் ரிக்கி ராம் கடையில சிதார் வாங்கினாரே, அதே மனுஷன்.

மயூர்விஹார் மாடிவீடு:
சார், பாட்டெல்லாம் அப்படியே பீட்டில்ஸ் மாதிரி இருக்கே. கேஸ் போடலையா?

ஆர்.கே.புரம் ரிட்டயர்டு:
போடாம இருப்பாங்களா? இன்னஸ் பீட்டில்ஸ் ரெக்கார்டு எதையும் திரும்பக் கேட்காம, ஞாபகத்துல இருந்ததை வெச்சே மெட்டுப் போட்டார். அதுவே அவ்வளவு கச்சிதமா வந்துடுச்சு. பீட்டில்ஸ் பாட்டு உரிமை வெச்சிருந்த ஏடிவி கம்பெனி வழக்குக்கு வந்தது. கோர்ட் வாசலுக்கு வெளியிலேயே சமாதானமாகி, ராயல்டியில பாதியை விட்டுக் கொடுத்தார். 'கெட் அப் அண்ட் கோ'ங்கற பாட்டு 'கெட் பேக்' மாதிரியே இருக்கு, ஜாக்கிரதைன்னு பீட்டில்ஸ் ஜான் லெனனே எச்சரிச்சார். அதை மட்டும் 1978 ரெக்கார்டுல சேர்க்கலை. கிண்டலுக்குப் போட்ட மெட்டுன்னு யாரும் ஒதுக்க முடியாது. 'சீஸ் அண்ட் ஆனியன்ஸ்' தனியாக் கேட்டாலும் நல்ல பாட்டு.

கரோல்பாக் இட்லி:
அதே இன்னஸோட பழைய பாட்டு சாயல் ஓயாசிஸ்ங்கற இங்கிலாந்து பேண்டோட 'வாட்எவர்' பாட்டுல இருக்குன்னு அவருக்கும் பேர் போட வேண்டி வந்ததே!

ஆர்.கே.புரம் ரிட்டயர்டு:
ஆமாம். கொடுத்ததுல கொஞ்சமாவது திரும்பி வரட்டும். தம்பி, ஸ்பீக்கர் மட்டும் நல்லதா வையுங்க. புரொஜெக்டரோட வர்ற டப்பா ஸ்பீக்கர்ல இந்தப் படத்தைப் போடாதீங்க.