ப்ளாக்ஜாக்ல சீட்டுப் போடுறவரே ஜெயிக்கிறாரே, ஏன்? போக்கரும் இப்படித்தானா?

பாம்பன் பாய்மரம்:
தடைக்காலம். ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கடலுக்குப் போகாது. வலை செப்பனிடுற வேலை முடிஞ்சா சாயங்காலம் கொட்டகையில சீட்டுதான். ரம்மியும் முன்னூத்தி நாலும் சலிச்சுப் போச்சுன்னு, சிங்கப்பூர்லேர்ந்து வந்த மச்சான் ப்ளாக்ஜாக் சொல்லிக் கொடுத்தார்: சீட்டோட கூட்டுத்தொகை 21ஐத் தாண்டாம, அவரை விட அதிகமா வரணும். ஆறு பேர். காசு கிடையாது, ஆளுக்கு 50 புளியங்கொட்டை.

சீட்டுப் போடுறது எப்பவும் மச்சான்தான். ராத்திரிச் சாப்பாட்டுக்குள்ள கொட்டை பூரா அவர்கிட்ட போயிடுது. சித்தப்பா "கள்ள ஆட்டம்"னு முறைக்கிறார். நேத்து இன்னொரு சண்டை: எனக்கு 18, தம்பிக்கு 20, மச்சானுக்கு 17. தம்பி என் கொட்டையையும் சேர்த்து அள்ளிட்டான். போக்கர்ல பெரிய கைக்குத்தான் எல்லாம்னு சொல்றான். சரியா?

கச்சான் காத்து:
தம்பிகிட்ட இருந்து முதல்ல கொட்டையைத் திருப்பி வாங்குங்க 😀

கணக்கு வாத்தியார்:
மச்சான் மேல பழி போடாதீங்க. ப்ளாக்ஜாக்ல ஒவ்வொருத்தரும் தனித்தனியா சீட்டுப் போடுறவரோடதான் மோதுறாங்க. 18ம் 17ஐ ஜெயிச்சது, 20ம் ஜெயிச்சது. ரெண்டு பேருக்கும் மச்சான்தான் தரணும். தம்பிக்கும் உங்களுக்கும் நடுவுல கொடுக்கல் வாங்கலே கிடையாது.

அவர் கை ஓங்குறதுக்குக் காரணம் வரிசை. நீங்க முதல்ல சீட்டு கேக்குறீங்க. 21ஐத் தாண்டின உடனே உங்க கொட்டை போச்சு. அப்புறம் அவரும் 24க்குப் போய் விழுந்தாலும் உங்களுது திரும்பி வராது. ரெண்டு பேரும் விழுந்த ஆட்டத்துல நீங்க மட்டும் தோக்குறீங்க பாருங்க, அங்கதான் கசியுது. கேசினோ பிழைக்கிறதே அதுலதான்.

இதைக் கொஞ்சம் ஈடுகட்டத்தான் சில விதி இருக்கு. ஆஸும் ஒரு பத்தும் (ஜாக்கி, ராணி, ராஜாவும் பத்துதான்) முதல் ரெண்டு சீட்டுலயே வந்தா ஒண்ணுக்கு ஒண்ணரை. 10 கட்டினா 15 கிடைக்கணும். சீட்டுப் போடுறவர் 16 வரைக்கும் எடுத்தே ஆகணும், 17 வந்தா நிக்கணும். இஷ்டத்துக்கு ஆடக் கூடாது. அவரோட ஒரு சீட்டு திறந்து கிடக்கணும். அது 5, 6 மாதிரி இருந்தா நீங்க 13லயே நின்னுக்கலாம், விழுற வாய்ப்பு அவருக்குத்தான் அதிகம். உங்க மச்சான் இதெல்லாம் செய்றாரா?

பாம்பன் பாய்மரம்:
சீட்டைத் திறந்து வைக்கிறார் வாத்தியாரே. ஆனா ஒண்ணரை தர்றதே இல்ல, ஒண்ணுக்கு ஒண்ணுதான்!

கணக்கு வாத்தியார்:
அதைக் கேட்டு வாங்குங்க. சீட்டுப் போடுற வேலையையும் ஒரு சுத்துக்கு ஒருத்தர்னு மாத்தி விடுங்க, சித்தப்பா உள்பட. கள்ள ஆட்டம்ங்கிற பேச்சு தன்னால நின்னுடும்.

கீழக்கரை லாத்தா:
போக்கரைப் பத்தி யாரும் சொல்லலையே. எங்க வீட்டுல பெருநாளைக்கு எல்லாரும் கூடினா அதுதான். அதுல எதிரி பக்கத்துல இருக்கிற ஆளுங்களேதான். யார் சீட்டுப் போட்டாலும் ஒண்ணுதான், அந்த இடமும் சுத்தி வரும். ஆளுக்கு ரெண்டு சீட்டு கையில, அஞ்சு சீட்டு நடுவுல பொதுவா: முதல்ல மூணு, அப்புறம் ஒண்ணு, அப்புறம் ஒண்ணு. ஏழுல நல்ல அஞ்சைச் சேர்த்துக்கணும். ஒவ்வொரு கட்டத்துலயும் கட்டலாம், இல்ல மடக்கிடலாம் (சீட்டை வச்சுட்டு அந்த ஆட்டத்துலேர்ந்து விலகிடலாம்). ஒண்ணுமே இல்லாத கையை வச்சுக்கிட்டு பெருசா கட்டி மத்தவங்களை மடக்க வைக்கலாம். ப்ளாக்ஜாக்ல இந்த டூப் செல்லாது, 17 வர்ற வரைக்கும் எடுக்கணும்னு விதி இருக்கிற ஆளை எப்படிப் பயமுறுத்துறது?

கொட்டகையில காத்து அடிக்கும்ல, நடுச்சீட்டு மேல வலை ஈயக்குண்டு ஒவ்வொண்ணு வச்சுக்கங்க. கொட்டை தீர்ந்தவங்களுக்குக் கடன் கொடுக்காதீங்க. கொடுத்தா ஒருத்தரும் மடக்க மாட்டாங்க, போக்கரே செத்துரும்.

கச்சான் காத்து:
மூணு சீட்டு ஆடிப் பழகினவங்க ஒண்ணு கவனிங்க. அங்க கலரை (எல்லாம் ஒரே இனம்) சீக்வன்ஸ் (5, 6, 7 மாதிரி வரிசை) அடிக்கும். போக்கர்ல தலைகீழ், சீக்வன்ஸைக் கலர் அடிக்கும். மூணு சீட்டுல வெறும் சீக்வன்ஸ் 720 விதமா வரும், கலர் 1,096. அஞ்சு சீட்டாச்சுன்னா சீக்வன்ஸ் 10,200, கலர் 5,108 தான். அரிதா வர்றதுதான் பெருசு. எங்க தெருவுல பாதிச் சண்டை இதுக்குத்தான்.

அப்புறம், செல்லுல காசு கட்டி ஆடுற பக்கம் போயிடாதீங்க. 2025 மத்தியச் சட்டம் வந்ததிலிருந்து அது தடை.

பாம்பன் பாய்மரம்:
இன்னிக்கு மச்சான் ஒண்ணரை கொடுத்தார், முனகிக்கிட்டே. நாளைக்குப் போக்கர். லாத்தா, ரெண்டு பேருக்கும் ஒரே ஜோடி வந்தா ஸ்பேடு வச்சிருக்கவருக்கா?

கீழக்கரை லாத்தா:
இல்ல தம்பி, இனம் கணக்கே இல்ல. ஜோடி போக மிச்ச மூணு சீட்டுல பெருசு யாருதுன்னு வரிசையாப் பாருங்க. அதுவும் ஒண்ணா இருந்தா பாதிப் பாதி. ஒத்தைக் கொட்டை மிஞ்சினா, சீட்டுப் போட்டவருக்கு இடப்பக்கமா எண்ணிக்கிட்டு வாங்க, ரெண்டு பேர்ல யார் முதல்ல வர்றாங்களோ அவங்களுக்கு.