குடும்பக் குழு: சின்னக்காவின் ஊசிப் படிப்பு

சின்னக்கா (கலிபோர்னியா): பெரியம்மா, முழிப்போ? மெடிக்கல் அசிஸ்டன்ட் படிப்பில் இப்போது தடுப்பூசிப் பகுதி வந்திருக்கிறது. அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு நிறுவனமான சிடிசி ஒன்லைனில் வைத்திருக்கும் பாடங்களை முதலில் முடிக்கச் சொன்னார்கள். படிக்கப் படிக்க, மருந்தைப் பிரிட்ஜில் வைக்கும் கதைதான். ஊசியையே காணவில்லை.

சின்ன மாமா: ஒன்லைனில் படித்துவிட்டு ஊசி போடுவதா? அந்த ஊர்ப் பிள்ளைகளை நல்லூரான்தான் காப்பாற்ற வேண்டும்.

சின்னக்கா: மாமா, பாடம் மட்டும்தான் ஒன்லைன். கலிபோர்னியாச் சட்டப்படி ஊசிக்கென்று 10 மணித்தியாலப் பயிற்சி. அதோடு தசையில் 10, தோலுக்குக் கீழே 10, தோலுக்குள் 10 ஊசி நேரில் போட்டுக் காட்ட வேண்டும். வேலைக்குப் போன பிறகும் மருந்தும் அளவும் சரியா என்று தகுதியுள்ள ஒருவர் பார்த்துச் சொன்னால்தான் போடலாம். மற்ற மாநிலங்களில் சட்டம் வேறு.

நான்: அங்கே இப்போது நடுச்சாமம் அல்லவா அக்கா?

சின்னக்கா: ஓம். பகலில் வேலை, இரவில் படிப்பு.

பெரியம்மா (இலங்கை, முன்பு கிளினிக்கில் ஊசி போட்டவர்): இப்போதுதான் போனைப் பார்த்தேன் பிள்ளை. பிரிட்ஜில் தொடங்கினால் அது நல்ல படிப்பு. ஊசி குத்துவது கடைசி வேலை. சூடு பட்டால் மருந்து கெடும் என்று எல்லாருக்கும் தெரியும். உறைந்தாலும் கெடும் என்பதுதான் பலருக்குத் தெரியாது. ஐங்கூட்டு (ஐந்து நோய்க்கு ஒரே ஊசி), ஏற்புவலி ஊசி, ஈரல் அழற்சி பி ஊசி மூன்றும் ஒரு தரம் உறைந்தால் அவ்வளவுதான். பிறகு இளகினாலும் வேலை செய்யாது. 2 பாகைக்குக் கீழே போகவும் கூடாது, 8 பாகைக்கு மேலே போகவும் கூடாது.

சின்னக்கா: அதேதான் இங்கேயும். ஆனால் கொப்பளிப்பான் ஊசி பிரீசரில், மறை 15 பாகைக்கும் கீழே. பிரீசரும் பிரிட்ஜும் ஒரே கதவுக்குள் இருக்கும் சின்னப் பெட்டிகள் கூடவே கூடாதாம். வெப்பநிலையைக் கருவி தானாகவே பதிகிறது. அப்படியிருந்தும் தினமும் காலையில் கூடியதையும் குறைந்ததையும் கையால் எழுத வேண்டுமாம்.

பெரியம்மா: எழுது. கருவி பதியும், ஆனால் பார்ப்பதற்கு ஆள் வேண்டும். 1990க்குப் பிறகு போரால் எங்களுக்குக் கரண்டே இல்லை. மண்ணெண்ணெய் பிரிட்ஜ்தான். திரி கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் உள்ளே நிலைமை மாறிவிடும். கிளினிக்குக்கு மருந்து கொண்டுபோகும் நாளில் ஐஸ் பாக்கை எடுத்த உடனே பெட்டிக்குள் வைக்க மாட்டோம். காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்போம். உள்ளே தண்ணீர் குலுங்கும் சத்தம் கேட்டால்தான் வைப்போம். இல்லாவிட்டால் பக்கத்தில் இருக்கும் மருந்து உறைந்துபோகும்.

நான்: பெரியம்மா, இதை ஒருநாளும் எங்களுக்குச் சொன்னதில்லையே!

பெரியம்மா: நீங்கள் கேட்டால்தானே.

சின்ன மாமா: இந்தச் செய்தி அழிக்கப்பட்டது

மச்சாள்: மாமா, அழிக்க முன்னம் பார்த்துவிட்டேன். தடுப்பூசி போட்டு இரண்டு குழந்தைகள் இறந்தது என்று இருந்தது. எனக்கு நெஞ்சு பதறிப்போச்சு. அடுத்த கிழமை பிள்ளைக்கு 4 மாத ஊசி.

பெரியம்மா: நானும் பார்த்தேன். பசிபிக் தீவு நாடான சமோவாவில் 2018இல் நடந்தது. சம்பவம் உண்மை, போட்ட தலைப்புத்தான் பொய். சின்னமுத்து ஊசி தூளாக வரும். அதற்கென்று தரும் நீரில்தான் கரைக்க வேண்டும். அங்கே தாதியர் இருவர் அந்த நீருக்குப் பதிலாக, சத்திரசிகிச்சையில் தசையைத் தளர்த்தப் பாவிக்கும் மருந்தில் கரைத்துவிட்டார்கள். ஊசியில் பிழை இல்லை. ஆனால் சனம் பயந்துபோய்ப் பிள்ளைகளைக் கொண்டுவரவில்லை. அடுத்த வருடம் சின்னமுத்து பரவி 83 பேர் செத்தார்கள், அநேகமாக எல்லாம் சின்னப் பிள்ளைகள். தம்பி, அந்த மிச்சக் கதையையும் சேர்த்து அனுப்பியிருக்க வேண்டும்.

சின்ன மாமா: எனக்கு வந்ததை அனுப்பினேன் அக்கா. அதுதான் அழித்துவிட்டேனே.

சின்னக்கா: எங்களுக்கும் அதே பாடம்தான். கரைக்கும் நீர் அந்தந்த மருந்தோடு வந்ததாகவே இருக்க வேண்டும், லேபிளைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். கரைத்த சின்னமுத்து ஊசியை 8 மணித்தியாலத்துக்குள் பாவிக்காவிட்டால் எறிய வேண்டும்.

பெரியம்மா: எங்களுக்கு 6. கிளினிக் முடிந்தால் அதற்கு முன்னமே எறிந்துவிடுவோம். ஒரு பிள்ளைக்காகப் புதுக்குப்பி உடைக்கிறோமே என்று யோசிக்கக் கூடாது.

மச்சாள்: மாமி, ஏன் தொடையில் போடுகிறார்கள்? கையில் போட்டால் தூக்க வசதியாக இருக்குமே.

பெரியம்மா: இந்த வயதில் கையில் தசை காணாது பிள்ளை. தொடையின் வெளிப்பக்கம், நடுவில் போடுவார்கள். ஐங்கூட்டு என்றால் தொண்டைக்கரப்பன், குக்கல், ஏற்புவலி, ஈரல் அழற்சி பி, மூளைக்காய்ச்சல் தரும் ஹிப் கிருமி ஐந்துக்கும் சேர்த்து. அன்றிரவு காய்ச்சல் காயலாம், போட்ட இடம் தடிக்கலாம். பால் கொடு. பரசிற்றமோல் எவ்வளவு என்று கிளினிக்கிலேயே பிள்ளையின் நிறையைப் பார்த்துச் சொல்லுவார்கள், நீயாக ஊற்றாதே. கிளினிக் கொப்பியை மறக்காதே.

சின்னக்கா: பெரியம்மா, ஒரு சந்தேகம். ஊசி ஏற்றிய பிறகு இரத்தம் வருகிறதா என்று இழுத்துப் பார்க்கத் தேவையில்லை என்று பாடத்தில் இருக்கிறது. நீங்கள் இழுப்பீர்கள் அல்லவா?

பெரியம்மா: எங்களுக்கு அப்படித்தான் படிப்பித்தார்கள். பிறகு மாறிவிட்டது. உலக சுகாதார நிறுவனமே 2015இல் வேண்டாம் என்று சொன்னது. தடுப்பூசி போடும் இடங்களில் பெரிய இரத்தக்குழாய் இல்லை, இழுத்தால் பிள்ளைக்கு நோவுதான் மிச்சம். பாடம் சொல்கிறபடி செய், என்னைப் பார்த்துச் செய்யாதே. ஆனால் பெரியவர்களுக்குக் கையில் போடும்போது தோள் எலும்பைத் தொட்டுப் பார்த்து இரண்டு மூன்று விரல் கீழே போடு. மேலே போட்டால் மூட்டுக்குள் இறங்கி மாதக்கணக்கில் கை தூக்க ஏலாமல் போகலாம். இது வீடியோவில் பார்த்து வராது, தொட்டுப் பழக வேண்டும்.

சின்னக்கா: போட்ட பிறகு 15 நிமிடம் இருத்த வேண்டுமாம். முக்கியமாக வளர்ந்த பிள்ளைகள் மயங்கி விழுவார்களாம்.

பெரியம்மா: ஓம், பாடசாலை ஊசியில் அதுதான் பெரிய வேலை. ஒன்று விழுந்தால் பின்னால் நிற்கிற வரிசையே தள்ளாடும்.

சின்ன மாமா: அக்கா, சும்மா கேட்கிறேன். என் மகள் ஆறாம் வகுப்பு. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஊசிக்குச் சம்மதக் கடிதம் வந்து மேசையில் கிடக்கிறது. கையெழுத்து வைக்கலாமோ?

பெரியம்மா: 2017இலிருந்து அந்த வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசமாகப் போடுகிறது. இன்றைக்கே வை. அன்று வெறும் வயிற்றோடு அனுப்பாதே.

சின்ன மாமா: சரி அக்கா. வைத்துவிட்டுப் படம் போடுகிறேன்.