நெப்போலியன் கடிதங்களில் இவ்வளவு பீரங்கிக் கணக்கு எதற்கு?

தாமரை:
நெப்போலியனின் 1807ஆம் வருஷக் கடிதங்களை வாசிக்கிறேன். போர் வியூகம் கிடைக்கும் என்று நினைத்துத்தான் எடுத்தேன். பக்கத்துக்குப் பக்கம் பீரங்கி, குண்டு, வெடிமருந்து, வண்டி, மாவு. ஒரு பேரரசர் இதையெல்லாம் ஏன் தானே எழுத வேண்டும்? இந்தப் பகுதிகளைத் தாண்டிப் போகலாமா?

கிடங்குக்காரர்:
தாண்டாதீர்கள் அம்மா. வாழ்நாளெல்லாம் கிடங்குக் கணக்கு பார்த்தவன் நான். எனக்கு அந்தக் கடிதங்களில் உயிரே அங்கேதான் இருக்கிறது.

டான்சிக் முற்றுகையை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று போலந்தில் க்டான்ஸ்க் என்கிறார்களே, அந்தத் துறைமுக நகரம்; அப்போது ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் கோட்டை. 1807 மார்ச்சில் நெப்போலியனின் தளபதி மார்ஷல் லெஃபேவ்ர் நகரத்தை வளைத்தார். ஆனால் மதிலை உடைக்கும் கனரகப் பீரங்கிகள் வந்து சேர்ந்து சுடத் தொடங்க ஏப்ரல் 24 ஆகிவிட்டது. முந்தைய மாதங்களில் சரணடைந்த பிரஷ்யக் கோட்டைகளிலிருந்து அவற்றை இழுத்து வந்தார்கள். போலந்துப் பக்கத்துச் சேறு, உருகும் பனி. அந்த நாட்களில் சக்கரம் நகர்ந்தாலே பெரிய காரியம்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 24 பவுண்டு பீரங்கி என்றால் அந்த எடையுள்ள குண்டைச் சுடுவது; அக்காலப் பிரெஞ்சு பவுண்டுக் கணக்கில் குண்டு கிட்டத்தட்ட 12 கிலோ. குண்டு எடையில் மூன்றில் ஒரு பங்கு வெடிமருந்து என்றால் இன்னும் 4 கிலோ. ஒரு பீரங்கி ஆயிரம் முறை சுட 16 டன் வேண்டும். வண்டிக்கு ஒரு டன் ஏற்றினாலும் ஒற்றைப் பீரங்கிக்கே 16 வண்டி. குதிரைத் தீவனம் தனி. ‘பீரங்கி இருக்கிறது’ என்று ஒரு தளபதி எழுதினால் அதற்கு அர்த்தமே இல்லை. எத்தனை குண்டு, மருந்து எங்கே, வண்டிச் சக்கரம் சரியா என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும். நெப்போலியன் அதைத்தான் கேட்கிறார்.

லெஃபேவ்ர் பொறுமையில்லாதவர். காலாட்படையை அனுப்பி மதிலேறிப் பிடித்துவிடலாம் என்று துடித்தார். அப்போது தங்கியிருந்த ஃபிங்கன்ஸ்டைன் மாளிகையிலிருந்து பேரரசர் எழுதிய பதிலைத் தேடிப் படியுங்கள். பொறியாளர் ஷாஸ்லூவும் பீரங்கித் தளபதி லாரிபுவாசியேரும் சொல்வதைக் கேள், வீரர்களின் துணிச்சலை அது பயன்படும் நேரத்துக்கு வைத்துக்கொள் என்கிற கருத்து. எத்தனை சிப்பாய்களின் உயிர் அந்த வரியில் இருக்கிறது! மே 24 அன்று நகரம் பணிந்தது.

பெல்ஜியத் துறைமுகமான ஓஸ்டெண்ட் பற்றிய சம்பவம் தெரியுமா? கடற்கரைப் பாதுகாப்பைப் பார்த்துவிட்டு வந்து அறிக்கை கொடுத்த செகூர் என்ற அதிகாரியிடம், எல்லாம் சரி, ஓஸ்டெண்டில் நாலு பவுண்டு குண்டு சுடும் பீரங்கிகள் இரண்டை விட்டுவிட்டாயே என்றாராம் நெப்போலியன். செகூரே தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். நல்ல கிடங்கு அதிகாரிக்கு இந்த ஞாபகம் வரும். ஒரு சாம்ராஜ்யம் முழுவதுக்கும் வைத்திருந்தார் என்பதுதான் என்னை அசத்துகிறது.

வடகரை:
ஐயா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் 1813 கடிதங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதே டான்சிக்கில் அவருடைய தளபதி ராப்பின் கீழ் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அடைபட்டிருந்தார்கள். ஸ்டெட்டின், கூஸ்ட்ரின், க்ளோகாவ் கோட்டைகளிலும் காவல்படை. ஹாம்பர்க்கில் மார்ஷல் தாவூ. ஒவ்வொரு கோட்டைக்கும் அவர் போட்ட கணக்கு துல்லியம். ஆனால் அக்டோபரில் அவர் தோற்ற லைப்சிக் போரில் அந்தப் படைகளில் ஒன்றுகூடப் பக்கத்தில் இல்லை. டான்சிக்கில் பாதிப் பேரைக் காய்ச்சலும் பசியும் தின்றன.

கிடங்குக்காரர்:
அது நியாயமான கேள்வி தம்பி. திரும்பப் போய் அந்தக் கோட்டைகளை மீட்போம் என்ற நம்பிக்கையில் வைத்த படைகள் அவை. ஒரு வெற்றி கிடைத்திருந்தால் ஓடர், விஸ்டுலா ஆறுகள் மறுபடி அவர் கையில். கிடைக்கவில்லை. சரக்கிருப்பு சரியாக இருந்தும் கிடங்கே தவறான ஊரில் இருந்தது என்று சொல்வேன். ஆனால் தாவூ ஹாம்பர்க்கை 1814 மே வரை விடவில்லை. அவருக்குப் போன உத்தரவுகளில் மதில், அகழி, பாலம் என்று எதுவும் விட்டுப்போகவில்லை.

தாமரை:
நன்றி ஐயா. ஏப்ரல் 1807க்குத் திரும்பிப் போகிறேன். விஸ்டுலா ஆற்றின் வரைபடம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடிதம் எழுதிய தேதியையும் பீரங்கி வந்த தேதியையும் குறித்துக்கொண்டே படிக்கப் போகிறேன். வடகரை, 1813இல் தாவூவுக்குப் போன கடிதங்களை எந்த மாதத்திலிருந்து தொடங்கலாம்?

வடகரை:
மே மாதத்திலிருந்து. மாதக் கடைசியில்தான் தாவூ ஹாம்பர்க்குக்குள் மறுபடி நுழைந்தார்.