கைக்குழந்தைக்குத் தடுப்பூசி: கொருக்குப்பேட்டை பக்கம் யாராவது உதவுங்கள்

வணக்கம். சென்னை கொருக்குப்பேட்டையில் இருக்கும் என் தங்கையின் குழந்தைக்குப் பத்தாவது வார ஊசி போடும் நேரம் வந்துவிட்டது. தங்கைக்குக் காலில் மாவுக்கட்டு. வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஊசி போடும் நாள் புதன்கிழமை, அன்று அவள் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்காது. "அம்மாவுக்கு தினமும் இன்சுலின் நான்தானே போடுறேன், இதையும் மெடிக்கல்ல வாங்கி நானே போட்டுடறேன்" என்கிறார். நல்ல மனுஷர், அக்கறையில்தான் சொல்கிறார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. இன்சுலின் தோலுக்கு அடியில் போவது. குழந்தைக்குப் போடும் பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கு எதிரான ஒரே ஊசி) தொடைத் தசைக்குள் போக வேண்டும். அந்த மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே இருக்க வேண்டும், உறைந்துபோனாலும் கெட்டுவிடும். எல்லாவற்றையும் விட, ஊசி போட்டபின் அரை மணி நேரம் சுகாதார நிலையத்திலேயே உட்கார வைப்பது சும்மா இல்லை. அபூர்வமாகத்தான் வரும், ஆனால் ஒவ்வாமையில் குழந்தைக்கு மூச்சுத் திணறினால் அட்ரினலின் உடனே கையில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் 2024-ல் வீட்டில் போட்டுக்கொள்ள அனுமதித்ததுகூட மூக்கில் அடிக்கும் ஃப்ளூ தடுப்பு மருந்துதான், அதுவும் 2 வயதுக்கு மேல்.

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை சுற்றி எந்த மாநகராட்சி சுகாதார நிலையத்திலாவது புதன் தவிர வேறு நாளில் போடுகிறார்களா? தாய் நடக்க முடியாத நிலை என்றால் நர்ஸ் வீட்டுக்கு வருவார்களா, யாரிடம் சொல்ல வேண்டும்? இரண்டும் இல்லையென்றால், புதன் காலை குழந்தையோடு போகும் பாட்டிக்கு யாராவது துணைக்கு வர முடியுமா? நான் திருச்சியில் இருக்கிறேன். ஆட்டோ செலவு என்னுடையது. இன்பாக்ஸில் சொன்னாலும் சரி.