கீழுதடு மரத்துப்போனவர்கள்: தாடை அறுவைக்குப் பிறகு கண்டவை

ஆறாவது வார மறுபரிசோதனை. வந்தவரின் கீழுதட்டில் இடது ஓரமாகக் கொப்புளம். சூடான சூப் பட்டதே அவருக்குத் தெரியவில்லை, கண்ணாடியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். கீழ்த்தாடையைப் பிளந்து நகர்த்தும்போது எலும்புக்குள் ஓடும் நரம்பு இழுபடுகிறது. அதே நரம்புதான் மோவாய்க்கும் கீழுதட்டுக்கும் உணர்ச்சி தருவது. உதட்டை அசைப்பது வேறு நரம்பு. உதடு கோணாமல் அசைவதைப் பார்த்து எல்லாம் சரியென்று நினைத்துவிடுகிறார்கள். சூடானதை வாய்க்குக் கொண்டுபோகுமுன் ஒரு சொட்டை மணிக்கட்டின் உட்புறத்தில் விட்டுப் பாருங்கள். நரம்பு ஒரு நாளைக்கு 1 மி.மீ. வளரும், பயம் வேண்டாம்.

-----

மேலே சொன்ன 1 மி.மீ. கணக்கு எல்லாருக்கும் பொருந்தாது. நரம்புக் காயத்துக்கு 1943-இல் செடன் என்ற மருத்துவர் வகுத்த மூன்று நிலைகளை நினைவில் வையுங்கள். உறை மட்டும் அடிபட்டிருந்தால் வளர எதுவுமில்லை, சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் தானே தெளியும். உள்ளிழை அறுந்து உறை மிஞ்சியிருந்தால்தான் அந்த வேகம், அதுவும் தோராயம். நரம்பே துண்டாகியிருந்தால் காத்திருந்து பயனில்லை. இன்னொன்று: மேல்தாடையை நகர்த்தியபின் பற்கள் பல மாதம் குளிர்ச் சோதனைக்கும் மின் சோதனைக்கும் பதில் தராமல் இருக்கலாம். உணர்ச்சி போயிருக்கும், ரத்த ஓட்டம் இருக்கும். அதை மட்டும் வைத்துப் பல் செத்துவிட்டதென்று வேர் சிகிச்சைக்குப் போகாதீர்கள். பல் கறுக்கிறதா, ஈறில் சீழ்க்கட்டி வருகிறதா, எக்ஸ்ரேயில் வேர்நுனியில் நிழல் தெரிகிறதா என்று பாருங்கள்.

-----

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மரத்த இடத்துக்கு வரைபடம் போடுங்கள். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, மரத்த பகுதியின் நடுவிலிருந்து வெளியே பஞ்சு நுனியால் தொட்டுக்கொண்டே போங்கள். தெரிகிறது என்று சொன்ன இடத்தில் கண் பென்சிலால் ஒரு புள்ளி. எட்டுத் திசையிலும் புள்ளி வைத்துச் சேர்த்தால் எல்லை கிடைக்கும். தேதியோடு படம் எடுங்கள், மாதம் ஒருமுறை போதும். தினமும் பார்த்தால் மாற்றமே தெரியாமல் மனம் சோர்ந்துபோகும்.

பிறகு மெல்லிய தூரிகை. கண்ணாடி முன் முதலில் நல்ல பக்கம், அடுத்து மரத்த பக்கம், மேலிருந்து கீழே ஒரே வேகத்தில். கண்ணை மூடி, நகர்கிறதா, நிற்கிறதா, எந்தத் திசை என்று சொல்ல வேண்டும். ஒரு வேளைக்குச் சில நிமிடம், நாளைக்கு நாலைந்து தடவை. நரம்பு இதனால் வேகமாக வளராது. வரும் அரைகுறைச் செய்தியைப் புரிந்துகொள்ள மூளை பழகும், அவ்வளவுதான்.

எறும்பு ஊர்வது போல, சுருக்கென்று ஷாக் அடிப்பது போல இருந்தால் நரம்பு விழிக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தூரிகை பட்டாலே எரிகிறது, முகம் கழுவவே பயம் என்றால் அடுத்த தேதிவரை காத்திருக்காதீர்கள். மூன்று மாதமாகியும் ஊசிமுனைகூடத் தெரியவில்லை என்றாலும் அப்படியே: வரைபடங்களை எடுத்துக்கொண்டு, நரம்பைச் சோதிக்கும் நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.