கணக்கிட்ட ஃபீல்டை 'வேர்' (WHERE) பகுதியில் போட்டால் எரர் 1054

கேள்வி:
மைஎஸ்க்யூஎல் 8 டேட்டாபேஸ். பில்_வரி டேபிளில் (வரி என்றால் இங்கே டாக்ஸ் அல்ல, டேபிளின் ஒரு ரோ) அளவு, விலை, தள்ளுபடி என்று மூன்று ஃபீல்டு.

செலக்ட் பில்_எண், அளவு * விலை - தள்ளுபடி ஆஸ் நிகரம்
ஃப்ரம் பில்_வரி
வேர் நிகரம் > 5000;

நிகரம் என்று ஒரு ஃபீல்டே இல்லை என்கிறது. ஆனால் ஆர்டர் பை நிகரம் ஓடுகிறது. 'வேர்' இருந்த இடத்தில் 'ஹேவிங்' போட்டாலும் ஓடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

பதில் 1:
நாம் எழுதும் வரிசை வேறு, வேலை நடக்கும் வரிசை வேறு. ஃப்ரம், வேர், குரூப் பை, ஹேவிங், அதற்குப் பிறகுதான் செலக்ட், கடைசியாக ஆர்டர் பை. வேர் நடக்கும்போது நிகரம் என்ற பெயரே பிறந்திருக்காது. கணக்கையே திரும்ப எழுதிவிடுங்கள்:

வேர் அளவு * விலை - தள்ளுபடி > 5000

ஃபார்முலா நீளம் என்றால் சப்குவெரி, அதாவது குவெரிக்குள் இன்னொரு குவெரி:

செலக்ட் * ஃப்ரம் (செலக்ட் பில்_எண், அளவு * விலை - தள்ளுபடி ஆஸ் நிகரம் ஃப்ரம் பில்_வரி) ப
வேர் ப.நிகரம் > 5000;

அடைப்புக்குறிக்குப் பின்னால் இருக்கும் அந்த 'ப' (சப்குவெரிக்கு வைத்த பெயர்) விட்டுப்போனால் எரர் 1248. ரோ_நம்பர் (வரிகளுக்கு வரிசை எண் தருவது) மாதிரி விண்டோ ஃபங்ஷனில் வடிகட்ட சப்குவெரி அல்லது வித் (WITH)-தான் வழி. வேர் பகுதியில் அதை எழுதவே விடாது.

பதில் 2:
ஹேவிங் வேண்டாம். அது மைஎஸ்க்யூஎல் காட்டும் சலுகை, போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸில் அதே குவெரி எரர் அடிக்கும். தேதி நிபந்தனையையும் சேர்த்து ஹேவிங்குக்குள் தள்ளினால் தேதி இன்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) இருந்தும் பயனில்லை: வரிகளையெல்லாம் படித்த பிறகுதான் கழிக்கும்.

இன்னொன்று, தள்ளுபடி நல் (NULL, மதிப்பே இல்லாதது) ஆக இருக்கிற வரியில் நிகரமும் நல். அளவு * விலை 9000 ரூபாய் வரும் ரோவாக இருந்தாலும் சத்தமில்லாமல் காணாமல் போகும். கோயலெஸ்(தள்ளுபடி, 0) போடுங்கள், நல் இருந்தால் 0 என்று எடுத்துக்கொள்ளும்.

கேட்டவர்:
நல் இருக்கிறது, சரிசெய்துவிட்டேன். 20 லட்சம் வரி, எக்ஸ்பிளெயினில் (குவெரி எப்படி ஓடும் என்று காட்டும் கட்டளை) டைப் 'ஆல்', அதாவது டேபிள் முழுவதையும் படிப்பதாகவே காட்டுகிறது.

பதில் 2:
கணக்குப் போட்டு ஒப்பிடும்போது விலை மேல் இன்டெக்ஸ் இருந்தாலும் உதவாது. ஃபார்முலாவிலிருந்து தானாகக் கணக்கிடப்படும் ஜெனரேட்டட் ஃபீல்டு சேருங்கள்:

ஆல்டர் டேபிள் பில்_வரி ஆட் நிகரம் டெசிமல்(12,2)
ஜெனரேட்டட் ஆல்வேஸ் ஆஸ் (அளவு * விலை - கோயலெஸ்(தள்ளுபடி, 0)) விர்ச்சுவல்;
கிரியேட் இன்டெக்ஸ் இ_நிகரம் ஆன் பில்_வரி(நிகரம்);

முதல் கட்டளை சட்டென்று முடியும். இன்டெக்ஸ் உருவாக்கும் கட்டளை டேபிள் முழுவதையும் படிக்கும், கூட்டம் இல்லாத நேரத்தில் ஓட்டுங்கள். நவ்() (இப்போதைய நேரம்) போன்றவை ஃபார்முலாவுக்குள் செல்லாது. இதன் பிறகு உங்கள் பழைய வேர் நிகரம் > 5000 அப்படியே ஓடும். பாதி வரிகள் 5000-ஐத் தாண்டுகிற டேபிள் என்றால் மட்டும் இந்த இன்டெக்ஸை ஆப்டிமைசர் (குவெரியை எப்படி ஓட்டுவது என்று முடிவு செய்யும் பகுதி) பெரும்பாலும் தொடாது.